டிக்கியில் சங்கிலி

டிசம்பர் 2
மழை விட்டபாடில்லை. பிரான்சில் மகள் இருக்கும் மலையூரில் பனி தொடங்கிவிட்டதாம். ஜன்னல் வழியே படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள் பாப்பா. என் கண் காரின் மேல்தான் போயிற்று. சக்கரம் பாதி புதைந்து கிடக்கிறது.

டிசம்பர் 3
டயர் மாற்றியாயிற்று என்றார் மாப்பிள்ளை. பக்கவாட்டில் மூன்று சிகரமும் நடுவில் பனிப்பூவும் அச்சிட்ட டயர். 2024 நவம்பரிலிருந்து பிரான்சில் அந்தக் குறி இருந்தால்தான் அது குளிர்கால டயர். மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை அந்த டயர் போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயர் மேல் மாட்டும் இரும்புச் சங்கிலி வைத்திருக்க வேண்டும். "ரெண்டுல ஒண்ணு இருந்தா போதும் மாமா."

சட்டத்துக்குப் போதும். சாதாரண டயர் 7 டிகிரிக்குக் கீழே விறைத்துப்போகும், இந்த ரப்பர் இளகியே இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் ஊர் வில்லார்-து-லான் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாப்பாவின் பிரசவத்துக்கான ஆஸ்பத்திரி கீழே கிரெனோபிள் நகரத்தில். ராத்திரியில் அந்த இறக்கம் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தால், ரப்பர் இரும்பைப் போலக் கடிக்குமா?

டிசம்பர் 5
தூக்கம் இல்லை.

டிசம்பர் 7
சங்கிலிக்குப் பதில் சாக்ஸ் வாங்கியிருக்கிறாராம். டயருக்குத் துணி உறை. சட்டத்தில் அதற்கும் இடம் உண்டு. லேசானது, சட்டென்று மாட்டலாம், புதுப் பனியில் நன்றாகவே பிடிக்கும். ஆனால் பனி இல்லாத தார் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓடினாலே கிழிந்துவிடும். ஒரு வளைவில் பனி, அடுத்த வளைவில் தார் என்று மாறி மாறி வரும் மலைப் பாதைக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

"எத்தனை நாளைக்குப்பா இதையே பேசுவீங்க?" என்கிறாள். அவளுக்கு மூச்சு வாங்குகிறது, குரலில் தெரிகிறது. நான் வைத்துவிட்டேன்.

டிசம்பர் 10
பாப்பா சின்னவளாக இருந்தபோது வீராம்பட்டினம் தேருக்குப் போய் அம்பாசிடர் மணலில் இறங்கியது நினைவுக்கு வந்தது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. மீன்காரப் பெரியவர் ஒருவர் சக்கரத்துக்கு முன்னால் தென்னை மட்டையைப் போட்டு, காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொல்லி, "செகண்டுல போட்டு மெதுவா எடுப்பா" என்றார். ஏறிவிட்டது. பின் சீட்டில் பாப்பா, மூன்று வயசு, கை தட்டினாள்.

அமெரிக்காவில் சேற்றுக்குப் பயந்து டயரில் கயிறும் கொடியும் சுற்றி ஓட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் ஹாரி வீட் என்பவர் சங்கிலி செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். அந்தப் பெரியவர் போட்ட மட்டையும் அதே வேலையைத்தான் செய்தது.

டிசம்பர் 11
போன் இல்லை.

டிசம்பர் 13
கிணற்றுக் கயிற்றை ஏணி மாதிரி முடிச்சுப் போட்டு நம் கார் முன் டயரில் மாட்டிப் பார்த்தேன். முன் சக்கரம்தான் இழுக்கிறது, அதனால் அங்கேதான் போட வேண்டும். உள்பக்கத்தை முதலில் இணைக்க வேண்டும், கைக்கு எட்டவே இல்லை. அப்புறம் வெளிப்பக்கம், அப்புறம் இறுக்குவது. நாலடி ஓட்டியதும் தொய்ந்துவிட்டது, மறுபடி இறுக்கினேன். இரும்புச் சங்கிலிக்கும் அப்படித்தான் செய்யச் சொல்கிறார்கள். வெளிச்சத்தில், காய்ந்த தரையில், ஒரு சக்கரத்துக்கே இருபத்தைந்து நிமிஷம்!

அங்கே இருட்டு, விரல் மரத்துப்போகும், உள்ளே பாப்பா வலியோடு உட்கார்ந்திருப்பாள்.

மாப்பிள்ளைக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். கையுறை, தலையில் மாட்டும் டார்ச், முட்டி போட ஒரு சாக்கு. சங்கிலியோடு 50க்கு மேல் போகக் கூடாது. பனி இல்லாத ரோடு வந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் சங்கிலி அறுந்து வண்டியையே அடிக்கும். பகலில் ஒரு தடவை மாட்டிப் பாருங்கள்.

டிசம்பர் 14
வாங்கிவிட்டார். டயர் பக்கவாட்டைப் படம் எடுக்கச் சொல்லி அளவு சரிபார்த்தேன். 205/55 ஆர்16. சங்கிலிப் பெட்டியிலும் அதே எண் இருக்கிறது.

டிசம்பர் 16
மார்கழி பிறந்தது. மனைவி இல்லாத வாசலில் கோலம் இல்லை. மகளோடு இருக்கிறாளே, அது போதும்.

டிசம்பர் 19
"இன்னிக்கு பூஜ்யம் டிகிரிதான், குளிர் குறைஞ்சிருக்கு" என்றாள் பாப்பா சந்தோஷமாக. எனக்கு வயிறு கலங்கியது. மைனஸ் பத்தில் இருக்கும் பனிக்கட்டியைவிடப் பூஜ்யத்தில் இருப்பதுதான் வழுக்கும், மேலே மெல்லிசாக நீர் நிற்கும். சொல்லவில்லை. மாப்பிள்ளைக்குத் தனியாகச் சொன்னேன்.

டிசம்பர் 21
மாப்பிள்ளை சங்கிலி மாட்டிப் பார்த்தார். முதல் தடவை இருபது நிமிஷம், இரண்டாம் தடவை எட்டு! படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் இடத்தில் கண்ணி முறுக்கியிருந்தது, சொன்னேன், சரிசெய்தார். இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 24
விடியற்காலை 3.40. மனைவிதான் கூப்பிட்டாள். சங்கிலி மாட்டிக் கிளம்பிவிட்டார்கள். பனி கொட்டுகிறதாம். பின்னால் பாப்பா முனகுவது கேட்டது.

4.05. மாடிக்கும் வாசலுக்கும் நடக்கிறேன்.

4.35. மாப்பிள்ளையிடமிருந்து செய்தி. கழற்றியாயிற்று மாமா, கீழே ரோடு வெறும் ஈரம்தான்.