கன்டர்ஸ்வில் ஏரியில் பாஸ்: செப்டம்பர் கடைசியில் மீன் எங்கே இருக்கிறது?

அலபாமாவின் கன்டர்ஸ்வில் ஏரிக்குப் போய்விட்டு நேற்று ராத்திரிதான் அட்லாண்டா திரும்பினோம். தோள்பட்டை வலி ஒரு பக்கம், படகை வாடகைக்குக் கொடுத்தவர் மேல் கோபம் ஒரு பக்கம், இரண்டையும் மீறி ஒரு சந்தோஷம். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். செப்டம்பர் கடைசியில் பாஸ் என்ற நன்னீர் மீனைப் பிடிக்கப் போகிறோம் என்றதும் தெரிந்தவர்கள் எல்லோரும் "இப்போ வேண்டாம், அக்டோபர் முடியட்டும்" என்றார்கள். கோடையும் முடியாமல் குளிரும் வராமல் இருக்கும் இந்த வாரங்களில் மீன் சிதறிக் கிடக்கும், கண்டுபிடிக்கவே முடியாது என்பது அவர்கள் வாதம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த நேரத்தில் மீனைத் தேடிப் போகக் கூடாது, அதன் சாப்பாட்டைத் தேடிப் போக வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது.

வழி, செலவு, இடம் என்று வரிசையாகவே சொல்லப் பார்க்கிறேன். அட்லாண்டாவின் வடக்குப் புறநகரிலிருந்து சுமார் 150 மைல். ரோம், சென்டர், காலின்ஸ்வில் வழியாகப் போய், சாண்ட் மவுண்டன் மேட்டில் ஏறி இறங்கினால் ஏரி. அலபாமா எல்லை தாண்டியதும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். இது பெரிய லாபம். நம் நேரப்படி காலை 4 மணிக்குக் கிளம்பினால் அங்கே விடிவதற்கு முன்பே படகுத்துறையில் நிற்கலாம், முதல் ராத்திரி மோட்டல் காசு மிச்சம். 16 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் கட்டாயம், இணையத்திலேயே வாங்கலாம். அலபாமாவின் ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். அதனால் வாங்குவதானால் செப்டம்பரில் வாங்குங்கள், முழு வருஷமும் கையில் இருக்கும்.

கூட வந்தது என் மச்சினன். திருநெல்வேலிப் பக்கத்துக் குளங்களில் விரால் பிடித்து வளர்ந்தவன், போன வருஷம்தான் இங்கே வேலைக்கு வந்தான். பாஸ் என்ற மீனை அவன் அதுவரை படத்தில்தான் பார்த்திருந்தான்.

கன்டர்ஸ்வில் அணையை டென்னசி ஆற்றின் குறுக்கே டிவிஏ என்ற மத்திய அரசு நிறுவனம் கட்டி முடித்தது 1939இல். ஏறக்குறைய 69,000 ஏக்கர், அலபாமாவிலேயே பெரிய ஏரி. அளவை விட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே இதன் நீர்மட்டம் 2 அடி போலத்தான் மாறும். தண்ணீர் ஏறி இறங்காததால் ஆழமில்லாத இடங்களில் எல்லாம் நீர்ச்செடி நிலையாக வேர் விட்டு வளர்கிறது. மில்ஃபாயில், ஈல்கிராஸ், அப்புறம் ஹைட்ரில்லா. இந்த ஹைட்ரில்லா நம் ஊர்க் குளங்களிலும் இருக்கிற பாசிதான். 1950களின் தொடக்கத்தில் மீன்தொட்டியில் வைப்பதற்காக இலங்கையிலிருந்து ஃபுளோரிடாவுக்கு வரவழைத்தார்கள், அங்கே கால்வாயில் கலந்து அமெரிக்காவின் தெற்கு முழுக்கப் பரவிவிட்டது. படகுத்துறை வைத்திருக்கிறவர்களுக்கு அது களை. பாஸுக்கு அதுதான் வீடு.

இனி சாப்பாட்டு விஷயம். இங்கே பாஸ் அதிகம் தின்பது ஷேட் என்ற வெள்ளிநிறச் சிறு மீனை. கோடையில் ஷேட் கூட்டங்கள் ஆற்றின் பழைய ஓட்டத்தை ஒட்டிய ஆழத்தில் திரியும். செப்டம்பரில் ராத்திரி நீள ஆரம்பித்து மேல்தண்ணீர் 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்க ஆரம்பித்ததும், அவை ஏரியில் வந்து சேரும் ஓடைகளின் உள்பக்கம் நோக்கி நகரும். பாஸும் பின்னாலேயே போகும். ஆனால் எல்லாம் ஒரே நாளில் போவதில்லை. பாதி ஓடை வாயில், பாதி நடுவில், கொஞ்சம் உள்ளே. 'சிதறிக் கிடக்கிறது' என்று சொல்லுவது இதைத்தான். எந்த ஓடையில், எந்த இடத்தில் ஷேட் இருக்கிறது என்பதை மட்டும் கண்டுபிடித்தால் போதும். அதற்குக் கருவி தேவையில்லை. காற்று எந்தக் கரையில் அடிக்கிறது என்று பாருங்கள், ஷேட்டின் உணவான மிதவை உயிரிகளைக் காற்று அங்கேதான் ஒதுக்கும். கரையில் நாரைகள் எங்கே வரிசையாக நிற்கின்றன என்று பாருங்கள். தண்ணீர் மேல் விரல் நீள மீன்கள் திடீரென்று சிதறித் துள்ளினால் கீழே ஆள் இருக்கிறான் என்று அர்த்தம்.

நாங்கள் பிரவுன்ஸ் கிரீக் பக்கம் போனோம். 69ஆம் நெடுஞ்சாலை ஓடையைக் கடக்கிற இடத்துக்கு உட்புறம், காற்று நேராக அடித்த ஒரு முனையில் ஷேட் சிதறுவது தெரிந்தது. வெள்ளிநிற லிப்லெஸ் கிராங்பெய்ட்டை, அதாவது உள்ளே குண்டுமணி குலுங்கும் தட்டையான லூரை (போலி இரையை), பாசியின் மேல்நுனியில் உரசும்படி இழுத்தோம். பாசியில் மாட்டும்போது மெதுவாக எடுக்கக் கூடாது, வெடுக்கென்று பிய்த்து எடுக்க வேண்டும். பல தடவை மீன் அடித்தது அந்த நொடியில்தான். ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு என்று சின்னதாக நிறைய. லூர் ஷேட் அளவில், 2 அல்லது 3 அங்குலம் இருந்தால்தான் அடி. அதைவிடப் பெரியதை மீன்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இன்னொரு விஷயம்: அணையில் தண்ணீர் திறக்கும் நேரத்தை டிவிஏவின் செயலியில் இலவசமாகப் பார்க்கலாம். மின்சாரம் எடுக்கத் தண்ணீர் திறந்தால் ஏரியில் ஓட்டம் வரும், ஓட்டம் வந்தால் மீன் இரையெடுக்கும். ஓட்டம் நின்ற நேரத்தில் நாங்கள் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தோம்.

வெயில் ஏறிய பிறகு நடந்ததுதான் பயணத்தின் உச்சம். இந்தப் பருவத்தில் ஹைட்ரில்லாவும் மில்ஃபாயிலும் மேலே வந்து, மடங்கி, தண்ணீரை மூடிப் படலமாகக் கிடக்கும். அடியில் நிழலும் குளிர்ச்சியும் இருப்பதால் பெரிய மீன்கள் உள்ளே போய் நிற்கும். எல்லாப் படலத்திலும் மீன் இருக்காது. மோட்டாரை அணைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். சில இடங்களில் கடுகு பொரிவது போலச் சின்னச் சின்னச் சத்தம் வரும். புளூகில் என்ற குட்டி மீன்கள் பாசியின் அடியில் ஒட்டியிருக்கும் பூச்சிகளை உறிஞ்சும் சத்தம் அது. புளூகில் இருந்தால் அதைத் தின்ன பாஸும் இருக்கும். சத்தம் இல்லாத படலத்தில் ஒரு தடவைகூடத் தூண்டில் போடாதீர்கள், வீண் வேலை.

அந்தச் சத்தத்தைக் கேட்டதும் மச்சினன் எழுந்து நின்றுவிட்டான். "அத்தான், இது நம்ம விரால் பிடிக்கிற சோலிதான்லா! தவளைய எடுங்க."

ரப்பர் தவளை பெட்டியில் தயாராக இருந்தது. வயிறு காலியான மெத்தென்ற தவளை, இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருக்கும், பாசியில் மாட்டாது. 65 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், விறைப்பான கம்பு. சாதாரணத் தங்கூசி இங்கே வேலைக்கு ஆகாது, பாசியோடு சேர்த்து இழுக்கிற பாரத்தில் அறுந்துவிடும். "நீயே போடு மாப்ள" என்று கம்பைக் கொடுத்தேன். தாமரை இலை மேல் தவளையை நடத்திப் பழகிய கை. படலத்தின் நடுவில் ஒரு சின்ன ஓட்டை, ஏதோ மீன் ஏற்கனவே உடைத்துவிட்டுப் போன இடம். தவளையை அதற்கு அப்பால் வீசி, தத்தித் தத்திக் கொண்டுவந்து, ஓட்டையில் நிறுத்தினான். நிறுத்தி, ஆட்டாமல் வைத்தான்.

பாசி அப்படியே மேலே வெடித்தது. நான் "இழு, இழு" என்று கத்துகிறேன், அவன் அசையவே இல்லை. நூல் நகர ஆரம்பித்த பிறகு ஒரு மூச்சு விட்டு, இடுப்பிலிருந்து ஒரே சுண்டு. பாஸ் பிடிக்கிறவர்களுக்குத் தவளைத் தூண்டிலில் வாத்தியார்கள் சொல்லிச் சொல்லி மாளாத பாடமே இதுதான்: தண்ணீர் சிதறியதைப் பார்த்தவுடன் இழுக்காதே, மீன் வாயை மூடட்டும். அவனுக்கு அதை யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. பாசியோடு சேர்ந்து வந்த மீன் ஐந்து பவுண்டைத் தாண்டியது, நம் கணக்கில் இரண்டரைக் கிலோ போல. வாய்க்குள் ஒரு கை முழுசாகப் போகும். இந்த வகை பாஸுக்கு லார்ஜ்மவுத் (பெரிய வாய்) என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்! அவன் கை நடுங்கியது, எனக்கும் நடுங்கியது.

"கொழம்பு வச்சா எப்படி இருக்கும்த்தான்?" என்று கேட்டான். இந்த ஏரியில் 15 அங்குலத்துக்குக் குறைந்த லார்ஜ்மவுத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. இது அதைத் தாண்டிய மீன்தான். ஆனாலும் திரும்ப விட்டோம். இந்த அளவுக்கு வளரப் பல வருஷம் ஆகும், அடுத்த ஆளுக்கும் அந்த வெடிப்பு கிடைக்க வேண்டும். சாப்பிட ஆசை என்றால் கெளுத்தி வகை இங்கே ஏராளம், அதைப் பிடியுங்கள்.

இப்போது படகுக்கு வருகிறேன். வழிகாட்டியோடு போனால் அரை நாளுக்கே 400 டாலருக்கு மேல் கேட்டார்கள், அதனால் மோட்டார் வைத்த தட்டையான அலுமினியப் படகு ஒன்றை நாள் வாடகை 180 டாலருக்கு எடுத்தோம். பெட்ரோல் தனி. அதுவரை சரி. திருப்பிக் கொடுக்கும்போது மோட்டார் விசிறியில் பாசி சுற்றியிருந்தது என்று 60 டாலர் 'சுத்தம் செய்யும் கட்டணம்' போட்டார்கள். ஏரி முழுக்கப் பாசி! பாசிக்காகத்தான் நாடெங்கும் இருந்து ஆட்கள் இங்கே வருகிறார்கள். பாசி இல்லாத இடத்தில் ஓட்டிக்கொண்டு வர நான் எங்கே போவது? ஒப்பந்தத் தாளின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறதாம். அந்தப் பாசியை எடுக்க அவருக்கு ஒரு கத்தியும் இரண்டு நிமிஷமும் போதும். இது பகல் கொள்ளை. படகு எடுக்கும் முன்பே "பாசிக்குத் தனிக் காசு உண்டா?" என்று கேட்டுவிடுங்கள், இல்லை என்றால் தாளில் எழுதி வாங்குங்கள்.

அந்த எரிச்சலை ஆற்றியது ராத்திரிச் சாப்பாடு. வட அலபாமாவுக்கே உரிய வெள்ளை சாஸ் போட்ட சுட்ட கோழி. மயோனைஸ், வினிகர், மிளகு சேர்ந்த நீர்த்த சாஸ், 1925இல் பக்கத்து டெகேட்டர் ஊரில் பாப் கிப்சன் என்பவர் தொடங்கி வைத்தது. கேட்கும்போது எனக்கும் ஆர்வம் வரவில்லை. புகையில் மணிக்கணக்கில் வெந்த கோழியை அதில் முக்கிக் கொடுக்கிறார்கள், மிளகுக் காரமும் புளிப்பும் எலும்பு வரை இறங்கியிருக்கிறது. அரைக் கோழி, கோல்ஸ்லா, சோள ரொட்டி எல்லாம் சேர்ந்து இருவருக்கும் 30 டாலருக்குள். மச்சினன் இன்னொரு தட்டு வாங்கினான். வெளியூர்ப் பயணங்களில் இவ்வளவு திருப்தியாகச் சாப்பிட்டு ரொம்ப நாளாகிறது. மோட்டல் 85 டாலர், சுமார் ரகம்தான், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சாதனங்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள் என்பதை அழுத்திச் சொல்கிறேன். மீனைத் திரையில் நேரடியாகக் காட்டும் சோனார்கள் ஆயிரக்கணக்கான டாலர். பாசிக்கு அடியில் நிற்கிற மீனுக்கு அதைவிட உங்கள் காது மேல். கம்பியில் குடை மாதிரி பல லூர்களைத் தொங்கவிடும் 'அலபாமா ரிக்' பிரபலமானதே இந்த ஏரியில்தான். 2011 அக்டோபரில் பால் எலியாஸ் என்ற போட்டி மீன்பிடிப்பாளர் அதைக் கொண்டு 4 நாள் போட்டியில் 100 பவுண்டுக்கு மேல் பிடித்து ஜெயித்தார். நல்ல கருவிதான், அதுவும் ஷேட் கூட்டம் போல நடிப்பதால்தான் வேலை செய்கிறது. ஆனால் பாசி நிறைந்த இடத்தில் அதை இழுத்தால் மாட்டிக்கொண்டே இருக்கும், விலையும் அதிகம். புதிதாகத் தொடங்குகிறவருக்கு ஒரு தவளை, ஒரு வெள்ளி லிப்லெஸ், ஒரு வெள்ளை ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு வைத்த லூர்) போதும்.

முடிந்தால் வார நாளில் போங்கள். சனிக்கிழமைகளில் போட்டிப் படகுகள் துறையை அடைத்துக்கொள்ளும். பாஸ் பிடிப்பதில் பெரிய போட்டியான பாஸ்மாஸ்டர் கிளாசிக் மூன்று தடவை (1976, 2014, 2020) நடந்த ஏரி என்பதால் கூட்டத்துக்குக் குறைவில்லை.

மறுநாள் காலை படகு எடுக்காமல் மாநிலப் பூங்காவின் கரையிலிருந்தே கொஞ்ச நேரம் வீசிவிட்டு, 79ஆம் சாலையில் ஏரியை ஒட்டியே ஸ்காட்ஸ்பரோவுக்குப் போனோம். விமானங்களில் தொலைந்து, சொந்தக்காரர் வராமல் போன பெட்டிகளில் இருக்கும் சாமான்களை விற்கும் பெரிய கடை அங்கே இருக்கிறது. துணிமணிப் பக்கம் நான் போகவே இல்லை. நல்ல நிலையில் ஒரு பெய்ட்காஸ்டிங் ரீல் (தூண்டில் நூல் சுற்றும் கருவி) புது விலையில் பாதிக்கும் குறைவாகக் கிடைத்தது, பாசிக்காக அழுத 60 டாலரில் பாதியாவது அதில் தேறிவிட்டது. அக்டோபர் நடுவில் ஸ்காட்ஸ்பரோவுக்கு மேலே மட் கிரீக் பக்கம் போவதாகத் திட்டம். அதற்குள் ஷேட் இன்னும் உள்ளே போயிருக்கும். மச்சினன் இப்போதே கறுப்பில் இரண்டு தவளைக்கு ஆர்டர் போட்டுவிட்டான்.