பிரேக் 9-ல இருந்துச்சு

போன மாசம் ஒரு வியாழக்கிழமை 30 மில்லி ரத்தத்தைக் கிட்டத்தட்ட வீணாக்கிட்டேன், காரணம் சென்ட்ரிஃபியூஜ்ல, அதாவது டியூப்ப வேகமா சுத்திப் பிரிக்கிற மெஷின்ல, பிரேக் 9-ல இருந்தது. எனக்கு முன்னாடி யாரோ பாக்டீரியா சுத்தியிருக்காங்க, அவங்களுக்கு மெஷின் சட்டுன்னு நின்னா போதும், அவங்க 9 வெச்சதுல தப்பே இல்ல, பாக்காம ஸ்டார்ட்ட அமுக்கினது நான். அரை மணி நேரம் கழிச்சு மூடியத் தெறந்தா வெள்ளையா வளையம் நிக்க வேண்டிய எடத்துல மெஷின் சட்டுன்னு நின்ன வேகத்துல செவப்பும் வெள்ளையும் கலந்து புகை மாதிரி மிதக்குது. மறுபடியும் ஃபிக்கால் போட்டு சுத்திப் பாத்தேன், கெடச்சது பாதிகூட இல்ல, சாயங்காலம் சார்ட்டர், அதாவது செல்ல ஒவ்வொண்ணா பிரிக்கிற மெஷின், அதோட புக்கிங்க கேன்சல் பண்ணிட்டு, ரத்தம் குடுத்த பக்கத்து லேப் தம்பிகிட்ட எப்படி சொல்றதுன்னு டீக்கடைல உக்காந்திருந்தேன்.

ஃபிக்கால்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: அது ஒரு கெட்டியான சர்க்கரைத் தண்ணி மாதிரின்னு வெச்சுக்கோங்க, அடர்த்தி 1.077. 1968-ல நார்வேல பொயூம்னு ஒருத்தர் எழுதி வெச்ச முறை, இன்னைக்கும் பெருசா மாறல. 50 மில்லி டியூப்ல அடில 15 மில்லி ஃபிக்கால், அதுக்கு மேல பாதிக்குப் பாதி பஃபர்ங்கிற உப்புத்தண்ணி கலந்த ரத்தம். இந்த "மேல"ங்கிறதுலதான் எல்லாம் இருக்கு. டியூப்ப சாச்சுப் புடிச்சுக்கிட்டு பிப்பெட் நுனிய சுவத்துல ஒட்டி வெச்சு, ரத்தம் தானா வழியுற மாதிரி விடணும், மொத 2 மில்லிக்கு மூச்சுகூட விடமாட்டேன், அப்புறம் கொஞ்சம் வேகமா விட்டாலும் தாங்கும். ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த ஃபிக்கால அப்படியே ஊத்தக்கூடாது, ரூம் சூட்டுக்கு வந்திருக்கணும். அப்புறம் 400 ஜி, அதாவது பூமி இழுக்கிறத விட 400 மடங்கு, 30 நிமிஷம், பிரேக் 0. அது தானா சுத்தி ஓஞ்சு நிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், இந்த நேரத்துல யாரும் மூடிகிட்ட வந்தா எனக்கு கோவம் வரும்.

சரியா வந்தா பாக்க அவ்ளோ அழகு. மேல மஞ்சளா பிளாஸ்மா, அதுக்குக் கீழ சோறு வடிச்ச கஞ்சி மாதிரி ஒரு மெல்லிசு வளையம், அப்புறம் தெளிவா ஃபிக்கால், அடில ஒறஞ்ச செவப்பு. அந்தக் கஞ்சி வளையத்துலதான் எனக்கு வேண்டிய வெள்ளையணு இருக்கு, அதத்தான் பிப்பெட்டால சுத்தி சுத்தி உறிஞ்சி எடுக்கணும். ஒரு மில்லி ரத்தத்துக்கு சுமாரா 10 லட்சம் செல் வரும்.

எனக்கு வேண்டியது அதுல ரொம்ப சின்ன பங்கு. ரெகுலேட்டரி டி செல், அதாவது மத்த டி செல்லு (நோயோட சண்டை போடுற வெள்ளையணு) நம்ம ஒடம்பையே கடிச்சு வெக்காம அடக்கி வெக்கிற ஆளு. இதுக்கு ஆதாரம் காட்டினதுக்குத்தான் சககுச்சிக்கும், கூட பிரங்கோ, ராம்ஸ்டெல் ரெண்டு பேருக்கும் 2025-ல நோபல் குடுத்தாங்க. இதோட அடையாளம் ஃபாக்ஸ்பி3ன்னு ஒரு புரதம், ஆனா அது செல்லுக்கு உள்ள, உட்கருவுல இருக்கு, அதுல ஆன்டிபாடி, அதாவது தேடிப் போய் ஒட்டுற புரதம், போய் ஒட்டணும்னா செல்ல மருந்துல ஊறவெச்சு ஓட்டை போடணும், அப்புறம் அது பொணம். எனக்கு உயிரோட வேணும், வளக்கணும். அதனால வெளித்தோல்ல இருக்கிற சிடின்னு நம்பர் போட்ட புரதங்கள வெச்சே அடையாளம் கண்டுபுடிக்கணும்: சிடி4 இருக்கணும், சிடி25 நெறைய இருக்கணும், சிடி127 கம்மியா இருக்கணும். இந்த சிடி127 விஷயம் 2006-லதான் தெரிய வந்துச்சு, அதுக்கு முன்னாடி இத மனுஷ ரத்தத்துல பிரிச்சவங்களுக்குக் கோயில் கட்டலாம்.

சார்ட்டருக்குப் போறதுக்கு முன்னாடி காந்தத்துல ஒரு தடவை விடுவோம். இதுல நெல்ல விட்டுட்டு களையப் புடுங்குற கணக்கு, வேண்டாத செல்லு மேலெல்லாம் 50 நேனோமீட்டர் அளவுல இரும்புப் பொடி ஒட்டின ஆன்டிபாடிய ஏத்திட்டா அதெல்லாம் காந்தத்துல வெச்ச குழாய்ல நின்னுக்கும், சிடி4 செல்லு கைபடாம கீழ சொட்டும். இது சுலபம், இதப்பத்தி சொல்ல வேற ஒண்ணுமில்ல, குழாய்ல காத்துக்குமிழி மட்டும் போகக்கூடாது.

சார்ட்டர் கதைதான் எனக்குப் புடிச்சது. 1965-ல லாஸ் அலமோஸ்ல ஃபுல்வைலர்னு ஒருத்தர் மொத மொத செஞ்சார், அவர் சந்தேகமே வேற, செவப்பணு சைஸ அளந்தா கிராஃப்ல ரெண்டு மேடு வருது, நெசமாவே ரெண்டு வகை இருக்கான்னு. அப்போ ஸ்டான்ஃபோர்ட்ல ஸ்வீட்னு ஒருத்தர் மைத்துளிக்கு மின்சாரம் ஏத்தி திருப்பி விடுற முறைய பண்ணியிருந்தார், ஃபுல்வைலர் அத வாங்கி செல்லுக்குப் போட்டார். ஒரு மேட்டுல இருந்த செல்ல மட்டும் பிரிச்சு மறுபடி அளந்தா திரும்பவும் ரெண்டு மேடு! அளக்குற ஓட்டைக்குள்ள செல்லு எந்தப் பக்கமா சாஞ்சு போகுதுங்கிறதுதான் வித்தியாசமே. சந்தேகம் தீந்துச்சு, மெஷின் மட்டும் நெலைச்சுருச்சு. அப்புறம் ஹெர்சன்பெர்க் குழு 1969-ல அதுல ஃப்ளோரசன்ஸ, அதாவது ஒளிர்ற சாயத்த வெச்சு செல்ல அடையாளம் காணுறத, சேத்தாங்க.

ரெண்டு வாரம் கழிச்சு தம்பி திரும்பவும் கைய நீட்டினான், நல்ல பையன். இந்த தடவை பிரேக்க மூணு வாட்டி பாத்தேன். சார்ட்டர்ல 100 மைக்ரான் நாசில், 20 பிஎஸ்ஐ, 70 மைக்ரான் போட்டா சீக்கிரம் முடியும் ஆனா பிரஷர் ஜாஸ்தி, என் செல்லு பாவம். செத்த செல்லுக்குள்ள மட்டும் போற சாயம் போட்டு அதையெல்லாம் கழிச்சாச்சு. 20 நிமிஷம் நல்லா ஓடுச்சு, திடீர்னு துளியோட கோடு சாஞ்சிருச்சு, நாசில்ல அடைப்பு. நல்லவேளை கலெக்ஷன் டியூப்ப ஒடனே நகத்திட்டேன். ஆபரேட்டர் அண்ணன் ஒண்ணும் பேசாம நாசில கழட்டி சோனிகேட்டர்ங்கிற, ஒலி அதிர்வால கழுவுற மெஷின்ல போட்டுட்டு "ஃபில்டர் பண்ணியாம்மா"ன்னு மட்டும் கேட்டார். பண்ணினேன், ஒரு மணி நேரம் முன்னாடி. ஐஸ்ல இருந்த நேரத்துல செல்லு மறுபடி கட்டி தட்டியிருச்சு. திரும்ப 40 மைக்ரான் வலைல சலிச்சு, கட்டி தட்டாம இருக்கப் போடுற ஈடிடிஏவ கொஞ்சம் கூட்டி, துளி பிரியுற நேரத்த குட்டி குட்டி டெஸ்ட் உருண்டைகள விட்டு செட் பண்ணி, முடிக்கும்போது ராத்திரி 10:40.

கலெக்ஷன் டியூப்ப முன்னாடியே சீரம் ஊத்தி உருட்டி வெச்சிருக்கணும், இல்லேன்னா துளி காஞ்ச பிளாஸ்டிக்ல அடிச்சு அங்கயே ஒட்டி செத்துரும். மெஷின் 2,10,000னு சொல்லுச்சு. சுத்தி எண்ணிப் பாத்தா 1,40,000, எப்பவும் இப்படித்தான். அடில படிஞ்ச செல்லு கண்ணுக்கே தெரியாது, அதனால டியூப்போட வெளிப்பக்கத்துல மார்க்கரால கோடு போட்டுட்டு, அந்தப் பக்கம் நுனியே போகாம, கடைசி 100 மைக்ரோலிட்டர அப்படியே விட்டுட்டேன்.

நாலாம் நாள் மைக்ராஸ்கோப்ல பாத்தா வளக்க வெச்ச தட்டோட குழி முழுக்க செல்லு திராட்சைக் கொத்து மாதிரி கொத்து கொத்தா நிக்குது. தம்பியக் கூப்ட்டு காட்டினேன். ரொம்ப நேரம் குனிஞ்சு பாத்துட்டு, "இதெல்லாம் என்னோடதாக்கா?"ன்னான்.

ஆமாடா, மைக்ராஸ்கோப்ப ஆட்டாத.