அசனத்துக்குக் காத்திருக்கும் நாட்கள்

ஜூலை 9, புதன்

அத்தைக்கு இன்றும் கஞ்சி இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. ஆனாலும் உலை கொதிக்கும் சத்தம் கேட்டதும், "கைப்பிடி எடுத்தாச்சா?" என்று படுக்கையிலிருந்தே கேட்டார்கள். சமைக்கும் அரிசியில் ஒரு பிடியை ஆண்டவருக்கென்று தனிப் பானையில் சேர்த்து, ஞாயிறன்று கோயிலில் படைக்கும் வழக்கத்தை, தம்மால் உண்ண முடியாத இந்நாட்களிலும் அவர்கள் விடுவதாக இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மருத்துவமனையிலிருந்து அறிக்கை வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் ஊரே சேர்ந்து உண்ணும் விருந்தாகிய அசனம் 27ஆம் தேதி என்று எங்கள் சபைப் போதகர் ஐயரவர்கள் அறிவித்தார்கள். எனக்குக் கடைசிப் பந்தியைப் பற்றித்தான் கவலை. ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு ஞாயிறும் விடுமுறை இல்லை. அவர்கள் இரவுப் பேருந்தில் வந்து இறங்கும்போது, சென்ற ஆண்டு, அண்டாவில் கறியே இல்லை, குழம்புத் தெளிவு மட்டும்தான் இருந்தது. வேதாகமத்தில் வரும் கொரிந்து சபையிலும் இதுவேதான் நடந்தது: முந்தி வந்தவர்கள் வயிறார உண்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். அப்போஸ்தலர் பவுல் அதைச் சிறிய குறையாக எண்ணவில்லை. தேவனுடைய சபையை அசட்டை பண்ணுகிறீர்களா என்றே கேட்டார். பிறகு, "போஜனம்பண்ணக் கூடிவரும்போது, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்" என்று எழுதினார். நம்மால் ஒரு பேருந்துக்குக் காத்திருக்க முடியாதா?

ஜூலை 16, புதன்

கஞ்சிக்கு முன் அத்தை கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. விழுங்க முடியாத உணவுக்கு என்ன நன்றி? கேட்கவில்லை. ஆமென் மட்டும் சொன்னேன்.

ஜூலை 19, சனி

இரவு தூக்கமில்லை. 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அடியோடு ஒழிய வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் அதை ஏற்காமல் சபையை விட்டே விலகினார்கள். ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெறுவதற்கே அவ்வளவு தயக்கம் இருந்த மண்ணில், ஒரே அண்டாச் சோற்றை யாவரும் தோளோடு தோள் உரசி உட்கார்ந்து உண்பது எளிதாகக் கிடைத்த காரியம் அன்று. ஆகவேதான் முதல் பந்தியை நன்கொடையாளருக்கு ஒதுக்கலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

ஜூலை 26, சனி

கோயில் வளாகத்தில் நள்ளிரவு வரை உள்ளி உரித்தோம். கண் எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கடைசிப் பந்திக்கென ஓர் அண்டாவைத் தனியே மூடி வைக்க வேண்டும் என்று, போதகருக்குத் துணையாக ஊழியம் செய்யும் உபதேசியாரிடம் சொன்னேன். தாமே அதற்குக் காவல் இருப்பதாகச் சொன்னார்.

ஜூலை 27, ஞாயிறு

உபதேசியார் சொன்னபடியே அண்டாவைத் தனியே வைத்துக் காத்தார். பாய்களில் ஆவி பறக்கக் கொட்டிக் குவித்த சோற்றின் முன் ஐயரவர்கள் ஜெபித்து முடித்ததும், கோயிலுக்கு வராத அண்டை வீட்டார் உட்பட ஊரே பந்தியில் அமர்ந்தது. பேருந்து தாமதமாகத்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளின் இலையில் கறி விழுந்ததை நின்று பார்த்தேன். அத்தைக்கு ஓலைப்பெட்டியில் கொண்டுவந்த சோற்றில் நாலு பருக்கையை நாவில் வைத்துக்கொண்டு, மீதியை எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்கள்.

ஜூலை 29, செவ்வாய்

அறிக்கை வந்துவிட்டது. மாலையில் திருநெல்வேலிக்குப் புறப்படுகிறோம். எத்தனை நாளாகும் என்று தெரியவில்லை. கைப்பிடிப் பானையைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒப்படைத்திருக்கிறேன்.