கேட்டதற்கு மேல் ஒரு வரி

"காசு விஷயத்துல ஏதாவது உண்டா பாய்?"

போனில் கேட்டவர் எனக்குப் பழக்கமானவர்தான். சரக்கு எடுக்கச் சென்னை மண்ணடிக்கு வந்தால் எங்கள் கடையிலும் தலைகாட்டிவிட்டுப் போவார். எங்களிடம் லைன் வசூல், அதாவது ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களிடம் பாக்கி வாங்கிவரும் வேலை, பார்த்துவிட்டு நின்றுபோன ஒருவர் இப்போது அவரிடம் வேலை கேட்டிருக்கிறார், அதே வசூல் வேலைக்கு. பழைய இடத்தில் ஒரு வார்த்தை விசாரிப்பது எல்லோரும் செய்வதுதான். முதலாளியை விட்டுவிட்டுக் கணக்குப் பார்ப்பவனிடம் விசாரிப்பதும் வழக்கம்தான்.

நான் சொன்னேன்: "ஒரு தடவை 18,000 ரூபாய் சுழட்டினார் பாய். பிடிச்சோம். முழுசா கட்டிட்டார். இப்ப பாக்கி எதுவும் இல்லை."

"சரி பாய், ஜஸாக்கல்லாஹ்" என்று அவர் வைக்கப் போனார். அப்போதுதான் அந்த வரியைச் சொன்னேன்.

"கேட்டா அழுவார். மனசு இளகிடாதீங்க."

வேலை கேட்டவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

சுழட்டுவது என்றால் என்ன என்று வசூல் கணக்கு பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆரணிக் கடைக்காரர் திங்கட்கிழமை பணம் கொடுப்பார். ரசீதும் முறையாக அன்றே கிழிக்கப்படும். பணம் மட்டும் கடைக்கு வராது. வியாழக்கிழமை செய்யாற்றில் வசூலான பணத்தை ஆரணிக் கணக்கில் வரவு வைப்பார்கள். செய்யாற்றுக்காரருக்கு அடுத்து போளூர்ப் பணம். கடைசியில் யாருக்கும் நஷ்டமில்லை என்பதுபோல் இருக்கும், ஆனால் நடுவில் ஒரு தொகை எப்போதும் வெளியே நின்றுகொண்டிருக்கும். கார்பன் நகலில் உள்ள தேதியையும் பேரேட்டில் வரவு விழுந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது. அப்படித்தான் நானும் பிடித்தேன். மகளின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு எடுத்தேன் என்றார். அது உண்மை. என் மேஜைக்கு எதிரே நின்று அழுதார். அதுவும் உண்மை.

பணத்தைப் பற்றிச் சொன்னதில் எனக்குச் சங்கடமே இல்லை. குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதற்கு அடுத்த வசனம், சாட்சியத்தை மறைக்காதீர்கள், மறைப்பவரின் உள்ளம் பாவத்துக்கு உள்ளாகும் என்கிறது. ஆலோசனை கேட்கப்படுபவரிடம் அமானிதம், அதாவது நம்பித் தரும் பொறுப்பு, ஒப்படைக்கப்படுகிறது என்று ஹதீஸ் (நபிமொழி) இருக்கிறது. இன்னொருவர் கல்லாவை நம்பி ஒப்படைக்கப் போகும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது என்ன அமானிதம்?

அதே சமயம், ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைப்பான் என்பதும் ஹதீஸ்தான். புறம் பேசுவதென்றால் என்ன என்று நபி (ஸல்) விளக்கியபோது, நான் சொல்வது அவரிடம் இருக்கத்தானே செய்கிறது என்று தோழர்கள் கேட்டார்கள். இருந்தால்தான் அது புறம், இல்லாவிட்டால் அவதூறு என்று பதில் வந்தது. அதாவது, "உண்மையைத்தானே சொன்னேன்" என்ற வாதம் இங்கே செல்லாது. அந்த வாதத்தை எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டேன் என்பதால் இதையும் எழுதிவிடுகிறேன்.

மார்க்க அறிஞர் இமாம் நவவி புறம் பேச அனுமதியுள்ள ஆறு இடங்களைப் பட்டியலிட்டிருக்கிறார். திருமணம், கூட்டு வியாபாரம், பொருளை ஒப்படைப்பது போன்றவற்றில் ஒருவர் யோசனை கேட்டால் சொல்வதும் அதில் வருகிறது. ஆனால், "இவர் உங்களுக்குச் சரிப்பட மாட்டார்" என்பதோடு காரியம் முடிந்துவிடும் என்றால் அதற்கு மேல் குறைகளை விவரிக்கக் கூடாது என்றும் அவர் சொல்கிறார்.

இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் வாதம் உண்டு. "சரிப்பட மாட்டார்" என்று மொட்டையாகச் சொல்லியிருந்தால் கேட்டவர் என்ன நினைத்திருப்பார்? லட்சக்கணக்கில் கையாடல் என்றுதானே? தொகையைச் சொன்னது, முழுசாகக் கட்டினார் என்று சொன்னது, இரண்டும் அவருக்குச் சாதகம்தான். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி யோசனை கேட்டபோது நபி (ஸல்) காரணத்தையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். முஆவியா பணமில்லாதவர், அபூ ஜஹ்ம் தோளிலிருந்து தடியை இறக்காதவர், அதாவது அடிக்கிறவர், என்று. உஸாமாவை மணந்துகொள் என்று வழியும் காட்டினார்கள்.

ஆனால் அழுவார் என்பது? அது எந்தக் கேள்விக்குப் பதில்? அவர் காசைப் பற்றித்தான் கேட்டார். கண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை.

அதற்கும் காரணம் இல்லாமல் இல்லை. அவர் அழுதபோது நான் இளகினேன். ஒரு வாரம் பொறுங்கள், கட்டிவிடுவார் என்று முதலாளியிடம் நான்தான் பேசினேன். அவரும் கட்டினார், சொன்ன வாரத்துக்குள் இல்லை என்றாலும் கட்டினார். ஆனால் அதற்குப் பிறகு முதலாளி என் பேரேட்டையும் சேர்த்துப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை. மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் என் நாற்காலியில் அவருடைய மருமகன் உட்கார்ந்து வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருப்பான். ஒன்றும் கேட்க மாட்டான், "ஒண்ணுமில்ல பாய், சும்மா" என்று எழுந்து போவான். அந்த "சும்மா"வை நான் யார் கணக்கில் எழுதி வைத்திருந்தேன் என்பதுதான் கேள்வி. இதை எழுதும்போதுகூட எனக்குத் தெளிவாக இல்லை. எச்சரிக்கையாகத்தான் சொன்னேன் என்று ஒரு நாள் தோன்றும். இல்லை, பழைய எரிச்சல்தான் என்று இன்னொரு நாள் தோன்றும். பொறாமையில் பேசிவிட்டு அதை நல்லுபதேசம் என்று ஷைத்தான் நம்மையே நம்பவைத்துவிடுவான் என்று அதே நவவி எச்சரிக்கிறார். எனக்குப் பொறாமை இல்லை. எரிச்சலுக்கும் அது பொருந்துமா? பொருந்தும்தான்.

இன்னொரு மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி நஃப்ஸை, அதாவது நம் மனசை, வியாபாரக் கூட்டாளியாக வைத்துப் பேசுவார். காலையில் நிபந்தனை போடு, பகலில் கண்காணி, மாலையில் கணக்குக் கேள். கடையில் வேலை செய்கிறவனுக்கு உடனே புரியும் பேச்சு இது. நானும் சில காலம் இரவில் படுக்கும் முன் அன்றைய பேச்சுகளைத் திரும்ப ஓட்டிப் பார்ப்பேன். செலவு வரவு நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்த எனக்கு இது மட்டும் நேராக வருவதில்லை. கணக்கில் தேதி இருக்கும், நகல் இருக்கும். நிய்யத்துக்கு, உள்ளே இருக்கும் எண்ணத்துக்கு, நகல் கிடையாது.

எங்கள் பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்திடம் யாருடைய பெயரையும் சொல்லாமல் கேட்டேன். அவரிடமே போய் மன்னிப்புக் கேட்டால் புதிதாக ஒரு காயம்தான் ஆகும், எந்த இடத்தில் குறை பேசினீர்களோ அந்த இடத்திலேயே நல்லது பேசுங்கள், அவருக்காக துஆ செய்யுங்கள் என்றார். துஆ சுலபமாக இருந்தது. இன்னொன்றைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்துவிட்டு, ஒருநாள் ஏதோ பாக்கித் தொகை கேட்கிற சாக்கில் அந்தக் கடைக்காரருக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்: "அன்னிக்கு ஒருத்தரைப் பத்திக் கேட்டீங்களே பாய், அவர் உழைப்பாளி. மழையோ வெயிலோ, லைனுக்குப் போகாம இருந்ததே இல்ல. கடைக்காரங்க யாரும் அவரைக் குறை சொன்னதில்ல."

அவர் சிரித்தார். "நான் அப்பவே வேற ஆளைப் போட்டாச்சு பாய். அவ்வளவு நல்லவர்னா நீங்களே வெச்சுக்கலாமே?"

எங்கள் கடையில் வசூலுக்கு இப்போது ஆள் தேவைதான். முதலாளியிடம் நான் இன்னும் பேசவில்லை.