என் கணினியில் மட்டும் ஓடிய கேஸ்: ஒரு ஃபெலோஷிப் விண்ணப்ப அனுபவம்

பாய்ம ஓட்டங்களைக் கணக்கிடும் ஓப்பன்ஃபோம் மென்பொருளை ஒன்பது ஆண்டுகளாக வேலையில் பயன்படுத்தி வருகிறேன். அனுபவமுள்ள பயனர்களுக்கென ஓராண்டு ஃபெலோஷிப் ஒன்று அறிவிக்கப்பட்டபோது, இது எனக்காகவே வந்தது என்று நினைத்துக்கொண்டு, நிபந்தனைகளை மேலோட்டமாகப் படித்துவிட்டு விண்ணப்பத்தைத் தொடங்கினேன். அது புதிய ஆய்வுக்கான பணம் அல்ல. வேலையை விடாமல் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, பிறர் எடுத்து ஓட்டிக் கற்கக்கூடிய கேஸ்களை, அதாவது ஓர் ஓட்டத்தைக் கணக்கிடத் தேவையான கோப்புத் தொகுப்புகளை, உருவாக்கவும், ஆவணங்களில் உள்ள குறைகளை நிரப்பவும், புதிதாக வருபவர்களுக்கு வழிகாட்டவும் தரப்படும் தொகை அது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது எனக்குப் பிந்தித்தான் புரிந்தது.

விண்ணப்பத்துடன் மூன்றைக் கேட்டார்கள்: இரண்டு பக்க விளக்கம், பணியிடத்தின் ஒப்புதல் கடிதம், சாதாரண மடிக்கணினியில் ஒரு மணி நேரத்திற்குள் ஓடி முடிந்து, அளவீட்டுடன் ஒப்பிடக்கூடிய விடையைத் தரும் ஒரு கேஸ். விளக்கம் ஒரு மாலையில் முடிந்தது. ஒப்புதல் கடிதத்திற்கு ஐந்து வாரங்கள் ஆயின. இந்தக் காலத்தில் எழுதப்படும் கோப்புகளைத் திறந்த உரிமத்தில் வெளியிடலாம் என்ற ஒரே வரிக்காக அந்தக் கடிதம் மூன்று பேரின் மேசைகளைச் சுற்றி வந்தது. இத்தகைய விண்ணப்பத்தில் இறங்குபவர்கள் கடிதத்தை முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது.

கேஸைப் பொறுத்தவரை, அலுவலகத்தில் நான் ஓட்டும் வடிவங்கள் எதையும் வெளியே தர முடியாது என்பதால், பின்னோக்கிய படி ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பாதையின் தரை திடீரென்று ஒரு படி இறங்கும்போது, ஓட்டம் விளிம்பில் பிரிந்து, கீழே ஒரு சுழலை உண்டாக்கி, சற்றுத் தள்ளி மீண்டும் தரையைத் தொடுகிறது. டிரைவர், சீக்மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட அளவீட்டில், அந்தத் தொடுபுள்ளி படியின் உயரத்தைப் போல் 6.26 மடங்கு தொலைவில், 0.10 மடங்கு பிழை எல்லைக்குள் இருந்தது. கொந்தளிப்பைக் கணக்கில் சேர்க்கும் வழக்கமான கே-எப்சிலான் மாதிரி இந்தத் தொலைவைக் குறைத்தே காட்டும் என்பது பலரும் அறிந்தது. அதே வேலைக்கான கே-ஒமேகா எஸ்எஸ்டி மாதிரியில் எனக்கு 6.5க்கு அருகில் விடை வந்தது. நிம்மதியுடன் கோப்புகளைச் சுருக்கி அனுப்பினேன்.

பதினோராம் நாள் வந்த பதிலில் பாராட்டும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. கேஸ் ஓடவில்லை என்று ஒரு வரி, திருத்தி அனுப்ப இரண்டு வாரங்கள் என்று ஒரு வரி, கீழே, கணக்கு ஓடியபோது பதிவான லாக் கோப்பு. அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்டது கோபம்தான், ஏனெனில் அதே கேஸ் என் கணினியில் நூறு முறை ஓடியிருக்கிறது. ஆனால் அது என் கணினியில் மட்டுமே ஓடும் கேஸ். உள்வரும் ஓட்டத்தின் எல்லை நிபந்தனைக்கு, பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதித் தொகுத்து வைத்திருந்த ஒரு நிரல் நூலகத்தை, கேஸின் ஓட்ட அமைப்புகள் உள்ள கன்ட்ரோல்டிக்ட் கோப்பு அழைத்துக்கொண்டிருந்தது. அதை நான் மறந்தே போயிருந்தேன். கணக்கைப் பகிர்ந்து ஓட்டுவதற்கான கோப்பில் 64 பகுதிகள் என்று இருந்ததால், நான்கு கோர் உள்ள மடிக்கணினியில், பகுதிகளை ஒரே நேரத்தில் ஓட்டும் எம்பிஐ ஓட மறுத்துவிட்டது. ஓப்பன்ஃபோம் இரண்டு முதன்மைக் கிளைகளாக வெளிவருகிறது. ஒன்று 11, 12 என்று எண்ணிடுகிறது, மற்றொன்று ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 2312 என்பது போல. நான் எதில் ஓட்டினேன் என்று எங்கும் எழுதவில்லை. திறனாய்வாளர் மற்றொன்றில் ஓட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் விட மோசமானது, தொடக்க நிலையைத் தாங்கும் 0 கோப்புறை. தோராயமான தொடக்க ஓட்டத்தைத் தரும் பொடென்ஷியல்ஃபோமை முதலில் ஓட்டி, அது எழுதிய திசைவேகத்தையே தொடக்க மதிப்பாக வைத்து அனுப்பியிருந்தேன். அந்தக் கோப்பில் என் மெஷ்ஷின், அதாவது இடத்தைச் சிறு செல்களாகப் பிரிக்கும் வலையின், ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மதிப்பு இருப்பதால், மெஷ்ஷை ஒரு செல் மாற்றினாலும் எதுவும் ஓடாது.

முதல் வாரம் முழுவதும் இவற்றைக் களைவதிலேயே சென்றது. தூய தொடக்கக் கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து நகலெடுத்து எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டும் ஆல்ரன் ஸ்கிரிப்டை எழுதினேன். என் நூலகத்தை நீக்கி, மென்பொருளுடன் வரும் எல்லை நிபந்தனையையே பயன்படுத்தினேன். பிறகு, இந்த மென்பொருளைத் தொட்டே பார்த்திராத ஓர் இளைய சக ஊழியரிடம் கோப்புகளைக் கொடுத்து, ஏதும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்தேன். அவர் தடுமாறிய ஒவ்வோர் இடமும் விளக்கக் குறிப்பில் ஒரு வரியாயிற்று. அழுத்தம் ஏன் பாஸ்கலில் இல்லை என்று அவர் கேட்டபோதுதான், அடர்த்தி மாறாத ஓட்டத்திற்கான சால்வர்கள் எனப்படும் கணக்கீட்டு நிரல்கள் அழுத்தத்தை அடர்த்தியால் வகுத்தே எழுதுகின்றன என்பதை ஒன்பது ஆண்டுகளில் நான் யாருக்கும் எழுத்தில் சொன்னதில்லை என்று உணர்ந்தேன்.

இரண்டாம் வாரம் மெஷ் சார்பின்மை, அதாவது மெஷ்ஷை நெருக்கினாலும் விடை மாறாதிருப்பதைக் காட்டுவது. 1994இல் ஆய்வாளர் ரோச் முன்வைத்த ஜிசிஐ (மெஷ் நெருக்கக் குறியீடு) முறையில், மூன்று மெஷ்களில் ஓட்டி, விடைகள் ஒன்றையொன்று நெருங்கும் வேகத்திலிருந்து பிழையை மதிப்பிட்டு, அதை 1.25 என்ற பாதுகாப்புக் காரணியால் பெருக்குவார்கள். 8,000, 18,000, 40,500 செல்கள் கொண்ட மூன்று மெஷ்களை எடுத்துக்கொண்டேன். முதலிலிருந்து இரண்டாவதுக்குத் தொடுபுள்ளி முன்னே நகர்ந்தது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குப் பின்னே வந்தது. இப்படி ஊசலாடும் விடைகளுக்கு அந்த முறை பொருந்தாது. காரணம் மெஷ்ஷில் அல்ல, சுவரில் இருந்தது. சுவரை ஒட்டிய ஓட்டத்தைச் சூத்திரத்தால் மதிப்பிடும் சுவர்ச் சார்புகளைப் பயன்படுத்தும்போது, முதல் செல் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை ஓட்டத்தின் அளவுகோலில் சொல்லும் ஒய்-பிளஸ் 30க்கு மேல் இருக்கவேண்டும் என்பது பாலபாடம். எல்லாத் திசைகளிலும் நெருக்கியபோது முதல் செல்லும் மெலிந்து, ஒய்-பிளஸ் 5க்கும் 30க்கும் இடைப்பட்ட, எந்தச் சூத்திரமும் சரியாகப் பொருந்தாத பகுதிக்குள் விழுந்துவிட்டது. அதாவது மூன்று மெஷ்களிலும் நான் தீர்த்தது ஒரே கணக்கை அல்ல. முதல் செல்லின் உயரத்தை மட்டும் மாற்றாமல் வைத்து மற்றவற்றை நெருக்கியபின் விடைகள் ஒரே திசையில் நெருங்கின. படிக்குப் பின்னால் உள்ள சுழலில் ஓட்டம் மந்தமாக இருப்பதால் அங்கே ஒய்-பிளஸ் எப்படியும் குறைவாகவே இருக்கும் என்பதையும், இந்தத் தீர்வு அதைச் சரிசெய்யவில்லை என்பதையும் குறிப்பில் மறைக்காமல் எழுதினேன். அந்தப் பத்தியே எனக்கு உதவியது என்று பிறகு நேர்காணலில் தெரிந்தது.

நேர்காணல் நாற்பது நிமிடங்கள். முதலில் வேறொருவரின் லாக் கோப்பைத் திரையில் காட்டினார்கள். ஒரு நேரப்படியில் ஓட்டம் எத்தனை செல்களைக் கடக்கிறது என்னும் கூரன்ட் எண்ணைக் கட்டுக்குள் வைக்க நேரப்படி சுருங்கிக்கொண்டே போய், ஓட்டம் ஏறக்குறைய நின்றிருந்தது. மெஷ் கெட்டிருக்கிறது என்று உடனே சொன்னேன். அது சரி, ஆனால் ஒரு புதியவர் இதை எப்படிக் கண்டுபிடிப்பார் என்று கேட்டார்கள். அங்கேதான் திணறினேன். திசைவேகம் எந்தச் செல்லில் உச்சம் தொடுகிறது என்று பார்க்கவேண்டும், மெஷ்ஷைச் சோதிக்கும் செக்மெஷ்ஷை ஓட்டி, செங்குத்தற்ற கோணம் 70 பாகையைத் தாண்டிய, அதாவது அளவுக்கு மீறிச் சாய்ந்த முகங்களைத் தொகுத்து அது எழுதித் தருவதைக் காட்சி மென்பொருளான பாராவியூவில் திறந்து, இரண்டும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று ஒப்பிடவேண்டும் என்று, படிப்படியாகப் பின்னோக்கி யோசித்துச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடங்கள் ஆயின.

அடுத்து என் கேஸுக்கு வந்தார்கள். மாதிரியின் கொந்தளிப்பு அளவுகளான கே, ஒமேகா இரண்டும் ஓட்டத்துடன் கடத்தப்படுவதைக் காட்டும் உறுப்புகளுக்கு, துல்லியம் குறைந்த முதல் வரிசை அப்விண்ட் முறையை ஏன் வைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டார். நிலைத்தன்மைக்காக என்று சொல்லி நழுவியிருக்கலாம். அதிலும் உண்மை உண்டு. ஆனால், மென்பொருளுடன் வரும் மோட்டார்பைக் கேஸிலிருந்து பல ஆண்டுகளுக்கு முன் நகலெடுத்த கோப்பு அது, அதன்பின் அந்த வரியை நான் திறந்து பார்த்ததில்லை என்பதே நேர்மையான பதில். அதையே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, மாற்றி ஓட்டினால் தொடுபுள்ளி எவ்வளவு நகரும் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன்.

மூன்று வாரங்கள் கழித்து வந்த கடிதம் என்னை ஏற்றுக்கொண்டிருந்தது, ஒரு நிபந்தனையுடன்: ஃபெலோஷிப் தொடங்குவதற்கு முன், அந்த இரண்டு வரிகளையும் இரண்டாம் வரிசை முறைக்கு மாற்றி, மூன்று மெஷ்களிலும் மீண்டும் ஓட்டி, வேறுபாட்டை விளக்கக் குறிப்பில் சேர்க்கவேண்டும். அன்று இரவே ஓட்டினேன். மிகப் பருத்த மெஷ்ஷில் தொடுபுள்ளி கண்ணுக்குத் தெரியும்படி நகர்ந்தது; மிக நெருக்கமானதில் ஏறக்குறைய அசையவே இல்லை. இரண்டு எண்களையும் அட்டவணையில் சேர்த்து, பழைய வரி எங்கிருந்து வந்தது என்பதையும் அதன் கீழே எழுதி அனுப்பினேன்.