திரும்பி வருவாங்களா?

“பிரசவ லீவுக்கு 26 வாரம் சம்பளம் குடுத்துட்டு, அந்தப் பொண்ணு திரும்பி வரலைன்னா என்னங்க பண்றது?” என்று முதலாளி கேட்டார்.

“வருவாங்க சார்” என்றேன்.

அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. 2017இல் திருத்திய சட்டப்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். திரும்பி வருவேன் என்று யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. நான் அதைச் சொல்லாமல் லாபக் கணக்கைப் பேசினேன். எந்தப் பார்ட்டி எவ்வளவு பாக்கி, யாரிடம் எப்போது கேட்டால் பணம் வரும் என்பதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத்தான் அத்துப்படி. புது ஆளைப் பிடித்து அந்த அளவுக்குப் பழக்க ஒரு வருஷமாவது ஆகும் என்றேன். முதலாளி யோசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேச்சு பலித்தது என்று அன்று நிம்மதிதான்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பேக்கிங் பிரிவுப் பெண்கள் பிரசவ லீவு கேட்டால் அவர் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவர்களுக்கு ஈஎஸ்ஐ என்ற அரசுத் தொழிலாளர் காப்பீடு உண்டு, பணம் அங்கிருந்து வந்துவிடும். கணக்குப் பிரிவில் இருந்த இந்தப் பெண்ணுக்குச் சம்பளம் 21,000க்கு மேல், அதனால் ஈஎஸ்ஐ கிடையாது. மொத்தமும் கம்பெனி கையிலிருந்து போக வேண்டும். அதே மனிதர்தான். பணம் யார் தருகிறார்கள் என்பதை வைத்துக் கேள்வி மாறியது.

லீவு முடிந்து அந்தப் பெண் திரும்பி வந்தார். தாய்ப்பால் எடுக்க சாம்பிள் ரூமைத்தான் ஒதுக்க முடிந்தது. தாழ்ப்பாள் சரியில்லாத கதவு, உள்ளே நாற்காலியை முட்டுக் கொடுத்துவிட்டு உட்காருவார். 50 பேர் வேலை செய்யும் இடமாக இருந்தால் குழந்தைகள் காப்பகம் கட்டாயம். எங்களிடம் அத்தனை பேர் இல்லை. நெடுநாள் இழுத்த ஒரு பாக்கியை வசூலித்தும் கொடுத்தார். அப்புறம் சில மாதங்களில் ராஜினாமா. முதலாளி என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

என் வாதத்தில் உண்மை இருந்தது என்றுதான் இப்போதும் நம்புகிறேன். நல்லபடியாக லீவு கிடைத்தவர் கம்பெனியை மறப்பதில்லை. ஆனால் லாபத்தைச் சொல்லி உரிமையை வாங்கினால், லாபம் பொய்க்கும்போது உரிமையும் ஆட்டம் காணுமே?

அதே பிரிவில் ஒரு பையனுக்கும் குழந்தை பிறந்தது. மத்திய அரசு ஊழியராக இருந்தால் தகப்பனுக்கு 15 நாள் உண்டு, தனியாரில் சட்டப்படி ஒன்றுமில்லை. கேஷுவல் லீவில் போய்விட்டு வந்தவன், தூக்கக் கண்ணோடு ஒரே பில்லை இரண்டு தடவை ஏற்றினான். தகப்பனுக்கும் சம்பளத்தோடு லீவு இருந்தால், இன்டர்வியூவில் பெண்களை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கம் கொஞ்சமாவது குறையும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அடுத்த லீவு விண்ணப்பத்தில் சட்டத்தை மட்டும் எழுதி வைத்தேன். முதலாளி கையெழுத்துப் போட்டார். ஆனால் அதற்கப்புறம் கணக்குப் பிரிவுக்கு எடுத்தவர்கள் எல்லாரும் ஆண்கள். இன்டர்வியூவில் நானும் உட்கார்ந்திருந்தேன். டெஸ்டில் அவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள் என்பதும் உண்மை.