பதில் வரவில்லை என்றால்?

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெப் சர்வீஸ் (ஒரு மென்பொருள் இன்னொன்றை நெட்வொர்க் வழியே அழைத்து வேலை வாங்கும் வசதி) என்றாலே எக்ஸ்எம்எல்லில் பேசும் சோப் (SOAP) தான். ஜாவாவில் ஒரு கிளாஸ் எழுதி ஆக்சிஸ் என்ற கருவியிடம் கொடுத்தால், சேவையை எப்படி அழைப்பது என்று விவரிக்கும் டபிள்யூஎஸ்டிஎல் கோப்பு தானாக உருவாகிவிடும். மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் எழுதும் எதிர்ப்பக்கத்துக் குழு அந்தக் கோப்பின் முகவரியைத் தங்கள் விஷுவல் ஸ்டுடியோ மென்பொருளில் கொடுத்தால் போதும், எங்கள் மெத்தட்களைத் தங்கள் கணினியிலேயே இருப்பதுபோல் கூப்பிடலாம். பெயரை அனுப்பினால் வணக்கம் சொல்லும் டெமோ எப்போதும் முதல் தடவையே ஓடும். ஓர் ஆர்டர், அதற்குள் பொருட்களின் பட்டியல் என்று நிஜமான தரவை அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்கும். அன்றைய ஆக்சிஸ், நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு மதிப்போடும் அதன் வகையையும் குறிக்கும் ஆர்பிசி-என்கோடட் பாணியில் செய்தியை எழுதும். டாட்நெட்டுக்குப் பழக்கம், முன்பே வரையறுத்த வடிவத்தில் அப்படியே எழுதும் டாக்குமெண்ட்-லிட்டரல். இரண்டுமே முறையான சோப் தான். ஆனாலும் நாம் அனுப்பிய பட்டியல் மறுபக்கம் காலியாகத் தெரியும். WS-I என்ற தொழில் அமைப்பு 2004-இல் வெளியிட்ட பேசிக் ப்ரொஃபைல் விதிகள் என்கோடட் பாணியை விலக்கின. அதன் பிறகு கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அந்தக் காலத்தில் வெப் சர்வீஸ்களைப் பட்டியலிடும் யூடிடிஐ என்ற பொதுப் பதிவேடும் இருந்தது. வேண்டிய சேவையை மென்பொருளே தேடிக் கண்டுபிடித்து இணைத்துக்கொள்ளும் என்றார்கள். மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், எஸ்ஏபி மூன்றும் தங்கள் பொதுப் பதிவேடுகளை 2006-இல் மூடிவிட்டன. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. எதிர்ப்பக்கம் இருக்கிறவர்களோடு பேசாமல் ஒழுங்காக முடிந்த ஓர் இணைப்பைக்கூட நான் பார்த்ததில்லை.

ராய் ஃபீல்டிங் 2000-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வலையின் வழக்கமான கோரிக்கைகளையே பயன்படுத்தும் ரெஸ்ட் (REST) என்ற வடிவமைப்பு முறை பற்றி எழுதினார். எங்கள் புராஜெக்ட்களுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. கூடவே, தரவை எளிய உரையாக எழுதி அனுப்பும் ஜேசன் (JSON) வடிவமும் வந்தது. படிக்க எளிது, எழுத எளிது. ஆனால் ஜேசனில் தேதிக்கென்று தனி வகை கிடையாது. ஒரு காப்பீட்டு அமைப்பில் சென்னை சர்வர் பிறந்த தேதியை 1985 ஜூன் 10, நள்ளிரவு 12 மணி என்று வைத்திருந்தது. அதை உலகப் பொது நேரமான யுடிசிக்கு மாற்றினால் ஜூன் 9, மாலை 6.30. வாங்கியவர்கள் தேதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ஆள் ஒரு நாள் முன்னதாகப் பிறந்துவிட்டார்! பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகவில்லை. வயது மாறும் நாளை ஒட்டி பாலிசி எடுத்தவர்களுக்கு மட்டும் பிரீமியம் மாறியது. இப்படி ஒரு சிலரை மட்டும் பிடிக்கும் பிழைதான் கண்டுபிடிக்க மிகக் கடினமானது.

எண்களிலும் இதே கதைதான். ஜாவாவின் லாங் 64 பிட் முழு எண். பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் 9007199254740991 வரைதான் முழு எண்களைத் துல்லியமாக நம்பிக் கையாளும். அந்தப் பக்கம் 9007199254740993 என்று அனுப்பினால் இந்தப் பக்கம் கடைசி இலக்கம் 2 ஆகிவிடும், எந்த எரரும் வராது. ட்விட்டர் 2010-இல் பதிவின் அடையாள எண்ணை எழுத்துச் சரமாகவும் (எண்ணாக அல்லாமல் வெறும் உரையாகவும்) சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியது இதற்காகத்தான். கூட்டிக் கழிக்கப் போகாத எந்த எண்ணையும் சரமாகவே அனுப்புங்கள் என்று நான் எல்லா டிசைன் மீட்டிங்கிலும் சொல்வேன்.

இதெல்லாம் பதில் வந்த பிறகு தெரியும் பிரச்சினைகள். பதிலே வராவிட்டால்?

ஒரு முன்பதிவு அமைப்பையும் பணம் வசூலிக்கும் சேவையையும் இணைத்திருந்தோம். வாடிக்கையாளர் ஒருவரிடம் இரண்டு முறை பணம் போய்விட்டது. இரண்டு பக்கத்து லாக்கையும் (நிகழ்வுப் பதிவையும்) அருகருகே வைத்துப் படித்தோம். எங்கள் லாக்கில், 10:14:02-க்கு அழைப்பு, 10:14:32-க்கு டைம்அவுட் (காத்திருக்கும் நேரம் முடிந்தது), அடுத்த நொடி ரீட்ரை (மறுமுயற்சி), 10:14:35-க்கு வெற்றி. அவர்கள் லாக்கில் இரண்டு வெற்றிகள். முதல் அழைப்பு மெதுவாக நகர்ந்து 10:14:39-க்கு முடிந்திருந்தது. அதன் பதிலை வாங்க இங்கே யாரும் காத்திருக்கவில்லை.

அழைப்பு போய்ச் சேரவே இல்லை, சேர்ந்து தோற்றது, சேர்ந்து ஜெயித்துப் பதில் மட்டும் தொலைந்தது என மூன்றில் எது நடந்தாலும் அழைத்தவருக்குத் தெரிவது ஒரே டைம்அவுட் தான். வலைக் கோரிக்கைகளுக்கான ஹெச்டிடிபி விதிகளில் கெட் (படிக்க), புட் (முழுதாக மாற்றி எழுத), டிலீட் (நீக்க) ஆகியவற்றைத் திரும்ப அனுப்பினாலும் விளைவு ஒன்றுதான். கட்டணம் போன்ற புதிய வேலையைத் தொடங்கும் போஸ்ட்டுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அதனால் ஒவ்வொரு கட்டணத்துக்கும் அழைப்பவரே ஒரு தனி அடையாளத்தைச் சேர்த்து அனுப்ப வேண்டும். அதே அடையாளம் மறுபடி வந்தால், சேவை பழைய பதிலையே திருப்பித் தர வேண்டும்.

சொல்வதற்கு இவ்வளவுதான், கோடில்தான் நுணுக்கம். அந்த அடையாளத்தை முதல் முயற்சிக்கு முன்பே உருவாக்கி டேட்டாபேஸில் சேமிக்க வேண்டும். ரீட்ரை செய்யும் ஃபங்ஷனுக்குள் உருவாக்கினால் ஒவ்வொரு முயற்சிக்கும் புது அடையாளம் போகும், பாதுகாப்பு மொத்தமும் வீண். ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இந்த வரியைத்தான். வாங்கும் பக்கத்தில், "ஏற்கெனவே இருக்கிறதா" என்று பார்த்துவிட்டு எழுதினால் போதாது. பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் இன்னொரு அழைப்பு நுழைந்துவிடும். ஒரே அடையாளம் இரண்டு முறை பதிவாகாதபடி டேபிளிலேயே யூனிக் கன்ஸ்ட்ரெய்ண்ட் வேண்டும். அப்புறம், எங்களுக்கு நடந்ததுபோல் முதல் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால் என்ன பதில்? நாங்கள் 409 (முரண்பாட்டைக் குறிக்கும் ஹெச்டிடிபி பதில் எண்) என்று முடிவு செய்து, அதன் பொருள் "வேலை நடக்கிறது, சற்றுப் பொறுத்துக் கேளுங்கள்" என்று ஆவணத்தில் எழுதினோம். இந்த ஒரு வரியை முடிவு செய்யத்தான் இரண்டு குழுக்களும் அதிகம் பேச வேண்டியிருந்தது. அந்தப் பேச்சு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவரை மெயிலில் மட்டும் தெரிந்தவர்கள் அன்றுதான் தங்கள் சேவைக்குள் என்ன நடக்கிறது என்று படம் போட்டுக் காட்டினார்கள்.

இப்போது புதிய இணைப்பு எதுவானாலும் எதிர்ப்பக்கத்தாரிடம் நான் கேட்கும் முதல் விஷயம், வேண்டுமென்றே தாமதிக்கும் ஒரு டெஸ்ட் வசதி. குறிப்பிட்ட ஒரு தொகையை அனுப்பினால் வேலையை முடித்துவிட்டு, பதிலை மட்டும் 60 நொடி கழித்துத் தர வேண்டும். சிலர் உடனே செய்து தருகிறார்கள். தயங்குகிறவர்களிடம் அந்த இரண்டு லாக்குகளையும் காட்டுகிறேன்.